பொது வரிசையில் ஓர் இடம்

விரிப்பின் ஒரு முனையை மோவாயில் இடுக்கி, மறு முனையை ஆறிப்போன இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் செருகி, குட்டையம்மா ஒற்றை ஆளாக மடித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குள் நாற்பது விரிப்பு ஆபரேஷன் தியேட்டருக்குப் போயாக வேண்டும். மணி ஒன்பதே முக்கால். மேசையில் அடுக்கியிருந்தது பதினேழு.

நெற்றியிலிருந்து வழிந்த வேர்வை விரிப்பில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். பாதி மடித்தது வழுக்கி ஈரத்தரையில் விழுந்தது. விழுந்த துணி திரும்பவும் தொட்டிக்குத்தான். பதினெட்டாவது கணக்கில் சேரவில்லை.

"என்னம்மா, சர்க்கஸா காட்டுற?" சூப்பர்வைசர் வாசலில் நின்றார். "தியேட்டர்லேருந்து மூணு தடவ போன் வந்தாச்சு. வயித்த அறுத்து வச்சிக்கிட்டா காத்திருப்பாங்க? எங்க உன் ஜோடி?"

"அவங்களுக்குக் கை வலியாம்."

"அவங்களா?" அவர் புருவம் ஏறியது. "வாடி போடி போயி, வாங்க போங்க வந்தாச்சா. சரிதான்."

கூடத்தின் மறு கோடியில், மருத்துவமனைத் துணிகளுக்கு மையால் குறி போடும் மேசையில், நெட்டையம்மா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தாலும் நெட்டைதான். கேட்காத மாதிரி தலையணை உறைக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நாளாக இப்படி.

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லாமே ஜோடிக் கணக்கு. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று நாலு முனையைப் பிடித்து உதற வேண்டும். இழுத்து நீட்ட வேண்டும். பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனையைக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை எதிரெதிர் முகம் பார்க்கிறவர்கள் புருஷன் முகத்தைக் கூட அத்தனை தடவை பார்ப்பதில்லை. அதனால்தான் ஜோடிக்கு ஜோடி எல்லாம் செய்வாள். ஒருத்தி தாமதமானால் இன்னொருத்தி பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி மாத்திரை வாங்கப் போவாள். லீவு மட்டும் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் கிடையாது. ஜோடியில் ஒருத்தி கூடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நெட்டையும் குட்டையும் பதினோரு வருஷ ஜோடி. உயர வித்தியாசத்தில் விரிப்பு ஒரு பக்கம் சரியும். நெட்டை முழங்காலை மடக்குவாள். குட்டை நுனிக்காலில் எழும்புவாள். "உனக்காகக் குனிஞ்சு குனிஞ்சே எனக்குக் கூன் விழப்போகுதுடி" என்பாள் அவள். "உன்ன அண்ணாந்து பாத்தே என் கழுத்து நெட்டையாயிடுச்சுடி" என்பாள் இவள்.

குட்டையம்மா ஆற்றங்கரைப் பக்கத்து ஆள். கரைக்காரங்க என்று ஒரு இனம், ஊருக்கு அந்தப் பேர் சொன்னாலே போதும், முகம் ஒரு மாதிரி போகும். நெட்டையம்மா மேட்டுத்தெரு. சலவைக்கூடத்து ஆவியில் மேடாவது கரையாவது, எல்லா முகமும் ஒரே சிவப்பு என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். மருத்துவக் கல்லூரிப் பட்டியல் வரும் வரைக்கும்.

குட்டையம்மா பெண்ணுக்கு இடம் கிடைத்தது. நெட்டையம்மா பையனுக்குக் கிடைக்கவில்லை.

விண்ணப்பத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம் உண்டு. விரும்பினால் எழுதலாம். கரைக்காரர் என்று எழுதுகிறவர்களுக்குத் தனி வரிசை, கொஞ்சம் குறைந்த மார்க்கிலும் இடம் உண்டு. மற்ற எல்லாருக்கும் பொது வரிசை. வெளிவரும் பட்டியலில் பெயர் மட்டும்தான், யார் எந்த வரிசை என்று இருக்காது. அந்தக் கட்டம் இருக்கலாமா கூடாதா என்று கோர்ட்டில் வழக்கு, டீக்கடையில் வழக்கு, குளியலறை வரிசையில் வழக்கு. இப்போது நெட்டையம்மா வீட்டிலிருந்து ஒரு மனு. 'தகுதியில்லாத ஒருத்தி இனத்தைக் காட்டி என் மகன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டாள், விசாரிக்கவும்.'

விசாரணை இன்றைக்கு, மருத்துவக் கல்லூரியில், மூன்று மணிக்கு.

"இன்னிக்கு ரெண்டு பேருக்கும் மதியம் லீவு தந்திருக்கேன்," என்றார் சூப்பர்வைசர், தானே வந்து விரிப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு. "பதினோரு வருஷத்துல முதல் தடவ. போயி அடிச்சுக்கிட்டு வாங்க. நாளைக்கு எனக்கு ஜோடி வேணும்."

*

பன்னிரண்டரைக்கு மருத்துவமனைப் பின்வாசலில் குட்டையம்மாவின் பெண் நின்றாள். தூறல். குடை இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், விசாரணையில் கொடுக்க எழுதிய காகிதம். அந்தக் காகிதம் நனையாமல் மாரோடு அணைத்திருந்தாள், தலை நனைந்துகொண்டிருந்தது.

"சாப்டியா?"

"அப்புறம் சாப்பிடறேன்மா. இதப் படி."

"எனக்கு எங்க கண்ணு தெரியுது, நீயே சொல்லு." டீக்கடை ஓட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பன்னை வாங்கி இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைப் பெண்ணின் கையில் திணித்தாள்.

"நான் அந்தக் கட்டத்துல எதுவும் எழுதலைன்னு எழுதியிருக்கேன். பொது வரிசையில, மார்க்க வச்சுதான் உள்ள வந்தேன்னு."

"சரி."

"எழுதியிருந்தா, சீட்டே எனக்கு வேணாம், நானே விட்டுடறேன்னும் எழுதியிருக்கேன்."

வாய்க்குக் கொண்டுபோன பன்னை இறக்கினாள் குட்டையம்மா. "ஏண்டி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? கைல இருக்குற சோத்தத் தட்டி விடுறேன்னு எவளாச்சும் எழுதிக் குடுப்பாளா?"

"எழுதலேல்ல? அப்புறம் என்ன பயம்?"

"காகிதம்னாலே பயம்தான்டி. நாம எழுதினா ஒண்ணு, அவங்க படிச்சா ஒண்ணு."

பெண் பன்னைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ஆறாங் கிளாஸ்ல நான் கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினேன் ஞாபகம் இருக்கா? பக்கத்துல இருந்தவ என்ன சொன்னா தெரியுமா. 'உங்க ஆளுங்களுக்குத் தாராளமாப் போடுவாங்க'ன்னு. கணக்குல எப்படிம்மா தாராளம் போட முடியும்? ரெண்டும் ரெண்டும் நாலேகாலா? அன்னிக்கு முடிவு பண்ணேன். எங்கயும் அந்தப் பேர எழுத மாட்டேன். நான் டாக்டராகி ஒருத்தன் கையப் புடிச்சா, இவ எந்த வரிசையில வந்தவளோன்னு அவன் கைய இழுத்துக்கக் கூடாது."

"இழுத்தா இழுத்துட்டுப் போறான். நோவு வந்தா தானா நீட்டுவான்."

பெண் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று நினைத்துத்தான் குட்டையம்மா சொன்னாள்.

"பெரியம்மா எப்படிம்மா இந்த மனுவுல கையெழுத்துப் போட்டாங்க?" நெட்டையம்மாவின் உயரத்தைப் பார்த்துச் சின்ன வயதில் வைத்த பெயர், பெரியம்மா. "அவங்க பையனுக்கு நான்தானே பாடம் சொல்லிக் குடுத்தேன். அவங்க வீட்டு மேசையில உக்காந்துதானே."

"வயிறு எரியுறப்ப வாய் என்ன செய்யும். வா, பஸ் வந்துடும்."

*

பஸ்ஸில் கூட்டம். பெண் முன்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். குட்டையம்மாவுக்குக் கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரே ஒரு இடம் இருந்தது. ஜன்னலோரம் நெட்டையம்மா. பதினோரு வருஷம் எதிரெதிரே நின்றவர்கள், முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

நாலு நிறுத்தம் கடந்தது. தூறல் கண்ணாடியில் கோடு இழுத்தது.

"மனு எழுதினது எங்க வீட்டுக்காரர்," என்றாள் நெட்டையம்மா ஜன்னலைப் பார்த்தபடி.

"கையெழுத்து?"

"அது என்னுது."

"அப்ப மனு உங்களுதுதான்."

மறுபடி ஒரு நிறுத்தம். ஒரு கிழவர் கோழிக்கூண்டோடு ஏறினார். கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

"பையன் எப்படி இருக்கான்?"

"செவுத்தப் பாத்துப் படுத்திருக்கான். வச்ச தட்டு வச்ச எடத்துல இருக்கு. அவங்கப்பா தினம் ஒரு தடவ வாசல்ல நின்னு, மூணு மார்க்கு மூணு மார்க்குன்னு கத்துறாரு. மூணே மூணு மார்க்குங்க." நெட்டையம்மா இப்போதுதான் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குன்னு ஒரு வரிசை. எல்லாருக்கும்னு ஒரு வரிசை. நீங்க எதுல வேணா நிக்கலாம். எங்களுக்கு ஒண்ணுதான். இது எந்த ஊர் நியாயம்?"

"நீங்க சொல்றது நியாயம் மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா?"

"எங்கம்மா என்னைப் பெத்தது எங்க தெரியுமா? நாம துணி துவைக்கிற இதே ஆஸ்பத்திரி. கட்டில்ல இல்ல, வராந்தாவுல. கரைக்காரங்களுக்குக் கட்டில் கிடையாது. விரிப்பும் கிடையாது. கரைக்காரங்க படுத்த விரிப்ப மேட்டுத்தெருக்காரங்களுக்குப் போட முடியாதாம், அப்புறம் துணி வீணாம். எங்கம்மா தன் புடவையவே விரிச்சுப் பெத்தா. நான் இன்னிக்கு அந்த விரிப்பத்தான் மடிக்கிறேன்."

"அத நானா பண்ணேன்?"

"நீங்க பண்ணல."

"என் புள்ள பண்ணானா? அவன் பொறக்கவே இல்லையே அப்ப. அவனும் சலவைக்காரி வயித்துல பொறந்தவன்தான். உங்களுக்கும் எனக்கும் ஒரே கூடம், ஒரே வேல, ஒரே ஆவி. என் கையும் வெந்துதான் கெடக்கு, பாருங்க." விரல்களை விரித்துக் காட்டினாள். நகக்கண் எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "உங்கம்மா வராந்தாவுல படுத்ததுக்கு என் புள்ள ஏன் செவுத்தப் பாத்துப் படுக்கணும்?"

குட்டையம்மா அந்த விரல்களைப் பார்த்தாள். வந்த பதில் அவளுக்கே பிடிக்கவில்லை. "நீங்க மேட்டுத்தெருவுல வாடகைக்கு வீடு கேட்டா சாவியத் தருவாங்க. நான் கேட்டா, யாரோ இப்பதான் வந்துட்டாங்கம்மாம்பாங்க. ஒரே கூடந்தான். கூடத்த விட்டு வெளிய வந்தா ஒரே ரோடு இல்ல."

"அதுக்கு என் புள்ள சீட்டா பதில்?"

"உங்க புள்ள சீட்ட எங்க பொண்ணு தொடவே இல்லைங்க. அவ பொது வரிசை. எழுதிக்கூடக் குடுக்கப் போறா, கட்டத்துல எதுனா எழுதியிருந்தா சீட்டே வேணாம்னு."

நெட்டையம்மாவின் கை முன் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்தது. "அப்படியா எழுதியிருக்கா?"

"அப்படித்தான்."

"அத ஏன் நீ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "எறங்கற இடம் வந்துடுச்சு," என்றாள். இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது.

*

சேர்க்கை அதிகாரிக்குச் சளி. மேசை முழுக்கக் கோப்பு. ஜன்னல் ஒன்று, மின்விசிறி ஒன்று, வருகிறவர்களுக்கு நாற்காலி இரண்டு. அதிகாரி எதிரே பெண் உட்கார்ந்தாள், பக்கத்தில் குட்டையம்மா. நெட்டையம்மா ஜன்னலோரம் நின்றாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

பெண்ணின் காகிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். மூக்கைச் சிந்திக்கொண்டார். "இத நான் இன்னும் வாங்கிக்கல," என்று அதை மேசையின் நடுவில் வைத்தார். பிறகு கோப்பைத் திறந்து, விண்ணப்பத்தை எடுத்து, பெண் பக்கம் திருப்பினார்.

இனம் என்ற கட்டத்தில், கட்டத்தை நிறைத்து, 'கரைக்காரர்' என்று எழுதியிருந்தது.

பெண் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். திரும்பக் குனிந்தாள். "இது நான் எழுதல."

"விண்ணப்பம் உங்களதுதானே?"

"என்னுதுதான். எல்லாம் நான் எழுதினது. இது மட்டும் நான் எழுதல."

"எழுத்து வேறயாத்தான் தெரியுது." அவர் மனுவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "முதல்ல மனு விஷயம். உங்க மார்க் நானூத்தி முப்பத்தாறு. பொது வரிசையில கடைசி மார்க் நானூத்தி முப்பத்தொண்ணு. மனு போட்டவங்க பையன் நானூத்தி இருபத்தெட்டு. அதனால அவர் இடத்த நீங்க பிடுங்கினதாச் சொல்றது நிக்காது. கட்டம் காலியா இருந்திருந்தாலும் நீங்க உள்ளதான் வந்திருப்பீங்க."

"அப்ப நான் பொது வரிசைதானே சார்?"

"இல்ல. கட்டத்துல எழுதினா தனி வரிசை. ஐந்நூறு எடுத்தாலும் தனி வரிசை. விதி அப்படி. நீங்க அந்தப் பக்கம் போனதால பொது வரிசையில ஒரு இடம் மிச்சமாச்சு. அது நானூத்தி முப்பத்தொண்ணுக்குப் போச்சு."

"தனி வரிசையில யாரு வெளிய போனாங்க?"

அதிகாரி தாளைப் புரட்டினார். "ஒரு பையன். நானூத்தி ஒண்ணு."

"கரைக்காரப் பையனா?"

"தனி வரிசையில வேற யாரு இருப்பாங்க?"

மின்விசிறி காகிதத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதிகாரி அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப ஒரே ஒரு கேள்வி. இத யார் எழுதினது? பெத்தவங்க எழுதியிருந்தா செல்லும். விண்ணப்பத்துல அவங்க கையெழுத்தும் இருக்கு. வெளியாள் எழுதியிருந்தா மொத்த விண்ணப்பமும் செல்லாது. சீட்டு போயிடும். எழுதினவங்க மேல போலீஸ்ல சொல்லணும். வேலையில இருக்குறவங்கன்னா வேலையும் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

பெண் அம்மாவைப் பார்த்தாள். நெட்டையம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பார்க்க ஒரு சுவர்தான் இருந்தது.

குட்டையம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். கண்ணை இடுக்கி நிதானமாகப் பார்த்தாள். துணியில் கறை போயிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"நான்தான் எழுதினேன்," என்றாள்.

"அம்மா."

"நான்தான் எழுதினேன். கெடைக்கிறத ஏன் விடணும்னு எழுதினேன்."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதத் தெரியுமா உங்களுக்கு?"

"அந்தப் பேரு எழுதத் தெரியாமலா சார். பள்ளிக்கூடத்துல எனக்கு முதமுதல்ல கத்துக்குடுத்ததே அதத்தான். என் பேரு அப்புறம்தான்."

அவர் கோப்பில் ஒரு வரி எழுதினார். பிறகு மேசை நடுவில் கிடந்த பெண்ணின் காகிதத்தை ஒரு விரலால் தள்ளினார். "இது என் கைக்கு வந்தா சீட்டு போச்சு. வரலைன்னா வரல. நான் மூக்கச் சிந்திட்டு வரேன்," என்று எழுந்து போனார்.

பெண் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குட்டையம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எது வெளியே வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. நடைக்கூடத்தில் அதிகாரியின் செருப்புச் சத்தம் திரும்பி வருகிற வரைக்கும் பெண் அசையவில்லை. பிறகு காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சீட்டு அவளுக்கு வேண்டியிருந்தது. சொன்ன சொல்லைவிட வேண்டியிருந்தது. அது அவள் முகத்தில் தெரிந்தது. தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

வெளியே படிக்கட்டில் மழை வலுத்திருந்தது. நெட்டையம்மா யாரிடமும் சொல்லாமல் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாள்.

"கண்ணு."

"பேசாத."

"சீட்டு இருக்குல்ல. அது போதும்டி."

"என் இடத்துல யாரோ உக்காருவாங்க. நான் அந்தப் பையன் இடத்துல உக்காரணும். அவன் நம்ம கரையிலதான் எங்கயாச்சும் செவுத்தப் பாத்துப் படுத்திருப்பான்." பெண்ணின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அஞ்சு வருஷம் எல்லாரும் என்னை எப்படிப் பாப்பாங்களோ, அது பொய்யின்னு சொல்லக்கூட எனக்கு வாயில்லாமப் பண்ணிட்ட. ஊரே என்னை நம்பலைம்மா. நீயாச்சும் நம்பியிருக்கலாம். என் மார்க்கு பத்தாதுன்னு நீயே நெனச்சிட்டேல்ல?"

குட்டையம்மா முந்தானையை எடுத்துப் பெண்ணின் தலைக்கு மேல் பிடித்தாள். மழைச் சத்தம். பெண் தலையை விலக்கிக்கொண்டாள்.

பெண் நனைந்துகொண்டே நடந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு அம்மா வந்து சேர்வதற்குள் வந்த பஸ்ஸில் ஏறிப் போனாள்.

*

மறுநாள் காலையில் பெண் தன் டீயைத் தானே போட்டுக் குடித்துவிட்டு, குவளையைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் குட்டையம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சலவைக்கூடத்தில் ஆவி ஏறியிருந்தது. கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. இஸ்திரி உருளையிலிருந்து வந்த விரிப்பை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தபோது, மறு முனையை ஒரு கை பிடித்தது.

நெட்டையம்மா. முழங்காலை மடக்கி நின்றாள்.

உதறினார்கள். நீட்டினார்கள். நடந்து வந்து முனையைக் கொடுத்தார்கள். ஒன்று, இரண்டு, ஆறு. தூரத்திலிருந்து சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, அப்பாடா என்று பீடியைப் பற்றவைக்க வெளியே போனார்.

பதினோராவது விரிப்பில், கிட்டே வந்த முகம் விலகவில்லை.

"ஏண்டி அப்படிச் சொன்ன?" என்றாள் நெட்டையம்மா.

"வேற என்ன சொல்லச் சொல்ற?" குட்டையம்மா விரிப்பை விடவில்லை. "ஃபாரம் குடுக்குற அன்னிக்கு ஜோடியில ஒருத்திக்குத்தான் லீவு. நீ போன. ரெண்டு ஃபாரத்தையும் நீதான் கொண்டு போன. உன் கைல குடுத்தப்ப அந்தக் கட்டம் காலியாத்தான் இருந்துச்சு."

உருளை சுற்றியது. யாரோ அந்தப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"எனக்குப் புரியுதுடி," என்றாள் குட்டையம்மா. குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "விவரம் இல்லாதவங்க காலியா விட்டுட்டாங்களேன்னு, எங்களுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னு நெனச்சு எழுதிட்ட. பதினோரு வருஷம் கூட நின்னவ. வேற எப்படி நெனப்ப? அது வரைக்கும் எனக்குப் புரியுது. அப்புறம் அந்த மனுவுல எப்படிடி கையெழுத்துப் போட்ட?"

நெட்டையம்மாவுக்குத் தலையாட்டினால் போதும். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லதுக்கு எழுதலடி," என்றாள். "ஆறாங் கிளாஸ்லேருந்து உன் பொண்ணு முன்னாடி, என் புள்ள பின்னாடி. அவள அந்த வரிசைக்குத் தள்ளிட்டா, பொது வரிசையில அவனுக்கு முன்னால ஒரு ஆள் குறையும்னு எழுதினேன்."